ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பெண்கள் கூடிப் பேசுவதை எப்படி நடத்துவது?

கேள்வி: ஈரோட்டு வாசகி

வணக்கம். எனக்கு வயது 43. உடம்பெங்கும் பரவிய வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் தெரிவதற்கே ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் எடுத்த, உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள், முடக்குவாதப் பரிசோதனைகள் யாவும் இயல்பாகவே வந்ததால், "ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லையே" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, காலையில் குக்கர் மூடியைத் திறக்க முடியாமல் நிற்பதைக்கூட மறைக்கப் பழகிவிட்டேன். மருத்துவருக்காகக் காத்திருந்த இடத்தில் இதே நோயுள்ள ஐந்து பெண்கள் அறிமுகமாகி, இதுவரை இரண்டு முறை கூடினோம். முதல் முறை எல்லோரும் அழுதோம். இரண்டாம் முறை யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. வீடு திரும்பியபோது எனக்கு வலி கூடியிருந்தது. அடுத்த முறை பயனுள்ளதாக நடத்த என்ன செய்யலாம்?

பதில்: மதுரையிலிருந்து ஒருவர்

சகோதரிக்கு வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் நான்கு ஆண்டுகளாகக் கூடிவருகிறோம். மாத்திரையின் அளவைப் பற்றிப் பேசக் கூடாது என்ற விதியைப் பட்ட பிறகுதான் வைத்தோம். வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் மாத்திரையை விட்டதும் தலைசுற்றல் நின்றது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் அதை ஒரே நாளில் நிறுத்தி, தூக்கமின்றி, குமட்டலும் வியர்வையுமாகத் தவித்தார். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. இப்போது மாத்திரையால் வரும் சங்கடத்தைச் சொல்லலாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதை அங்கேயே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டு மணி நேரம் உட்காருவது நமக்கு ஆகாது. எங்களுக்கு ஐம்பது நிமிடம்தான்; பேச்சின் நடுவே யாரும் எழுந்து நடக்கலாம், பாயில் படுக்கலாம். மாடி வீட்டில் கூடுவதில்லை. பலகாரமும் கூடாது. ஒருமுறை எட்டுப் பேருக்குப் போண்டா சுட்ட வீட்டுக்காரரால் மறுநாள் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை! வருபவர்களில் ஒருவர் ஃபிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தால் போதும்.

பதில்: இயன்முறை மருத்துவர்

"வலி எப்படி இருக்கிறது?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே சுழலும். "இந்த வாரம் எந்த வேலையைப் பாதியில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வலி குறைந்த நாளில் மாவரைத்து, போர்வை துவைத்து, பரணையும் ஒழித்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பதுதான் நான் அன்றாடம் பார்க்கும் கதை. பாதியில் நிறுத்துவது குற்றமில்லை என்பதை நான் சொல்வதைவிட, அதே வலியுள்ள இன்னொரு பெண் சொன்னால் மனத்தில் தங்குகிறது. யூலார் என்னும் ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவ அமைப்பு 2016-இல் திருத்தி வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. ஆகவே கூட்டத்தை ஐந்து நிமிட நடையோடு தொடங்கலாம். ஐந்தைப் பத்தாக்க அவசரம் வேண்டாம்.

பதில்: சேலம் வாசகி

அழுகையைத் தடுத்துவிடாதீர்கள் அக்கா, வேறெங்கே அழுவது? இன்னொன்று, ஒருமுறையாவது வீட்டாரை அழைத்து வாருங்கள். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் 1990-இல் வகுத்த விதிப்படி உடம்பில் 18 இடங்களை அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று கணக்கிட்டார்கள். 2010-இல் அந்த அழுத்தும் முறையைக் கைவிட்டு, வலி பரவிய பகுதிகளோடு களைப்பு, தூங்கியும் தெளியாமை, மறதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். இரத்தப் பரிசோதனை தைராய்டு போன்ற பிற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்யத்தான் என்பதை நான் பலமுறை சொல்லியும் நம்பாத என் கணவர், முன்பின் அறியாத ஒரு பெண் அதே வலியை அதே சொற்களில் சொன்னதைக் கேட்ட அன்றுதான் வாயடைத்துப்போனார்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. வரும் ஞாயிறன்று கீழ்த்தளத்தில் இருக்கும் என் வீட்டிலேயே கூடுகிறோம். பாய் இரண்டு எடுத்து வைத்துவிட்டேன். என் மாமியாரையும் உட்காரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் சொல்லவில்லை.