புதுப்பிப்பு: சான் டியேகோவில் (கலிபோர்னியா) மீனவர்களிடமே உயிருள்ள கடல் முள்ளெலி (மூரை) வாங்குவது

உயிரோடு எங்கே கிடைக்கும், வீடு வரை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. மீனவர்களே நேரடியாக விற்கும் டூனா ஹார்பர் டாக்சைடு சந்தைக்குப் போகச் சொன்னதுதான் பலித்தது: சனிக்கிழமை காலை 8 மணி, முந்திப் போவது நல்லது.

தொட்டால் முள் அசைய வேண்டும். முள் உதிர்ந்தாலோ நீர் கசிந்தாலோ விட்டுவிடுங்கள். கடல்நீரில் நனைத்த துணியால் சுற்றி, ஐஸ் உருகும் நீர் படாதபடி பெட்டியில் வைக்கச் சொன்ன குறிப்பு மிகச் சரி. நன்னீர் அதைக் கொன்றுவிடும். வாயைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே இருக்கும், நாம் உண்ணும் ஐந்து மடல்களையும் கரண்டியால் எடுத்து, லிட்டருக்கு 30 கிராம் உப்பிட்ட குளிர்நீரில் அலசினேன். வெறும் தண்ணீரில் அலசினால் குழைந்துவிடும்.

எதிர்பாராதது: ஊதா வகை உள்ளே ஏறக்குறைய காலி. அவற்றின் இரையான கெல்ப் என்ற பெரிய கடற்பாசி அழிந்த இடத்தில் இரையின்றிக் கிடப்பவை அப்படித்தான். சிவப்பு வகையையே கேட்டு வாங்குங்கள்.