ஏஐ வைத்து எழுதினால் அது என் வேலை இல்லையா?

குடியாத்தம்_குரல்:
எனக்குப் பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். விரல் சொன்னபடி கேட்காது, ஒரு வரி தட்ட ஐந்து நிமிடம் ஆகும், பேச்சும் கொஞ்சம் குழறும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் உள்ளூர் பார்ட்டிகளுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. விஷயத்தைச் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும், ஆனால் அது 'நூறு தோல்' என்றால் 'நூறு தோள்' என்று எழுதி வைக்கும், ஏஐயை வைத்துத் திருத்தி, வரிக்கு வரி படித்துவிட்டுத்தான் அனுப்புவேன். போன வாரம் மேலாளருக்கு இது தெரிந்து, எல்லார் முன்னாலும் "அப்போ சம்பளத்தை அதுக்கே கொடுத்துடலாமா?" என்றார். அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் டைப் அடிக்கிறாரே, அது மட்டும் அவர் கடிதமாம். உங்களுக்கு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காட்பாடி_டீச்சர்:
எனக்குப் பார்வை இல்லை தம்பி. நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதித்தான் பரீட்சைகளை முடித்தேன், அப்போதும் "எழுதினவன் கெட்டிக்காரன்" என்றுதான் பேசினார்கள். எழுதும்போது விரல் பிடித்துக்கொள்ளும் ஒருவருக்கு அப்படி ஓர் உதவியாளர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2021இல் சொல்ல வேண்டியிருந்தது. 2023இல் பார்வையற்றவர்களுக்கான பி மை ஐஸ் செயலியில் ஏஐ வந்தது, இப்போது மளிகை ரசீது வரை அதுதான் எனக்குப் படிக்கிறது. ஒரு தடவை மாத்திரை அட்டைத் தேதியைத் தப்பாகச் சொன்னது, அதிலிருந்து மருந்து மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான்.

சத்துவாச்சாரி_77:
மேலாளர் பேசினது தப்புதான். ஆனால் பார்ட்டி பெயர், விலை எல்லாம் வெளியே ஒரு செயலிக்குப் போகிறதே, எனக்கே அது உறுத்துகிறது. அதைக் கேட்டிருந்தால் நியாயம்.

பாகாயம்_பையன்:
அண்ணா, எங்க ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மேரி வர்கீஸ் டாக்டர் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். சம்பளத்தை நாற்காலிக்கா கொடுத்தார்கள்? அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். உங்கள் ஆபீசில் அது எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவார்.

குடியாத்தம்_குரல்:
பார்ட்டி பெயர், விலை எதையும் நான் உள்ளே போடுவதில்லை சார், கடைசியில் கையால்தான் சேர்ப்பேன், பாதி நேரம் அதற்கே போகிறது. அன்றைக்கு வாயடைத்துப் போய் இதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். சரி, அந்தக் கொள்கை எங்கே என்று கேட்டு எழுதுகிற கடிதம் இன்று ராத்திரி தயாராகிவிடும். ஏஐ வைத்துத்தான்.