அந்தப் பிள்ளையின் மூன்றாவது வள்ளி

ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், என் பங்குக்கு ஒன்று. 2011 மாசி, புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைத்திருந்தோம். மதுரையிலிருந்து வரும் ஸ்திரீபார்ட்டை, அதாவது கதாநாயகி வேஷக்காரரை, பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வருவது என் வேலை. நோட்டீஸ் படத்தைப் பார்த்து பெரிய ஆள் என்று நினைத்துப் போனால், இறங்கியது பத்தொன்பது வயது இருக்கும் ஒரு பிள்ளை, கூட அம்மா. வேஷப் பெட்டியை போர்வையில் சுற்றி மறைத்திருந்தார்கள். டீ வாங்கித் தரட்டுமா என்றேன். "வேணாம் தம்பி, எங்கயும் நிக்காம நேரா போயிருவோம்" என்றார் அம்மா. நாடகக்காரி என்று நாலு பேர் முறைத்துப் பார்ப்பதற்குப் பயந்துதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஒரு ஊர், கோமாளியாக வரும் பபூன் ஒரு ஊர், எல்லாரும் அன்று ராத்திரி மேடையில்தான் சேர்கிறார்கள். அதுவரை டான்ஸ் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வள்ளி வேஷம் அது மூன்றாவது முறை. பபூன் இறங்கி இவள் வரும்போது மணி ஒன்று. தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாட்டைப் பாடி முடித்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது, சரி தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் நாரதர் வந்தார். 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டைத்தான் இன்றும் பாடுகிறார்கள், ஆனால் நாரதரும் வள்ளியும் கேள்வி கேட்டு மடக்கிக்கொள்ளும் தர்க்கத்தில் பாதி அந்த இடத்தில் தோன்றுவதுதான், புதுப் பிள்ளையை மடக்கியே கைத்தட்டல் வாங்கும் நாரதர்களும் உண்டு. ஆணா பெண்ணா, யார் உசத்தி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். இவளுக்கு வாயடைத்துவிட்டது. முன்னால் விசில். அந்த நேரம் ஹார்மோனியக்காரர் பாட்டில் ஒரு அடியை எடுத்து இழுத்தார், அதிலேயே பதிலின் முதல் சொல் இருந்தது! பிடித்துக்கொண்டாள். திருப்பி அவள் போட்ட கேள்வியில் நாரதரே சிரித்துவிட்டார், பிறகு நூறு ரூபாய் அன்பளிப்புகளும் மைக்கில் பெயர் வாசிப்பும் ஓயவே இல்லை.

விடிந்து வேனில் ஏறும்போது பார்த்தேன், காதோரம் அரிதாரம்கூடப் போகவில்லை, ஒரு பள்ளிக்கூட நோட்டில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள்.

*

(இதைப் படித்த ஒருவர் எழுதியது) எங்கள் அப்பா நாடகத்தில் இருபது வருஷம் ஹார்மோனியம். ஹார்மோனியம் வாசித்துப் பாடும் பின்பாட்டுக்காரருக்கு எல்லார் பாடமும் தெரிந்திருக்க வேண்டும், சுருதி கொடுப்பது மட்டும் அவர் வேலை இல்லை. பதில் வராமல் நிற்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தால் சில ராஜபார்ட்டுகளுக்குப் பிடிக்காது, அதற்காகவே அப்பாவை அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடாதவர்கள் இருக்கிறார்கள்.

*

(இன்னொருவர் எழுதியது) எங்கள் ஆத்தா கொடுமுடிக்காரர், அதே ஊர் நாடக நடிகை கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறு பெண்ணை நாடகக் கம்பெனியில் சேர்த்தார்கள், ஆரம்பத்தில் போட்டதே ஆண் பிள்ளை வேஷம். மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்கும் குரல் போக வேண்டும். 1933-ல் கணவர், நாடக நடிகர் கிட்டப்பா இறந்துபோனபோது சுந்தராம்பாளுக்கு 25 வயதுதான். வெள்ளைச் சேலைக்கு மாறிவிட்டார். ஆத்தா அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வெற்றிலை போடுவார்.

*

(முதலில் எழுதியவன்தான்) வள்ளி வேஷம் போட்ட அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டிருந்தீர்கள். போன வருஷம் கீரனூர் பக்கம் ஒரு சுவரில் நோட்டீஸ் பார்த்தேன். பவளக்கொடி நாடகம், அவள் படம் மேல் வரிசையில். நல்ல வெயில், வண்டியை ஓரங்கட்டி முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.