பாராலிம்பிக்ஸ் குட்மன்: ஜெர்மனியிலிருந்து எப்படித்தான் வெளியே வந்தார்?

கரிசல்வெளி:
மாரியப்பன் தங்கவேலு பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். பாராலிம்பிக்ஸ் வரலாறு என்று எதைத் திறந்தாலும் "நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத டாக்டர் லுட்விக் குட்மன் தொடங்கியது" என்று ஒரே வரி, அதோடு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. ஹிட்லர் 1933லேயே வந்தாயிற்று, இவர் 1939 வரை அங்கேதான் இருந்திருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருந்த ஊரிலிருந்து ஆள் எப்படி வெளியே வந்தார்? இங்கிலாந்து போனதும் டாக்டராகவே சேர்த்துக்கொண்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழுப்புத்தாள்:
கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்மன் பிறந்தது 1899, மேல் சைலீசியாவில் டோஸ்ட் என்ற சிறு ஊர். அப்போது ஜெர்மனி, இப்போது போலந்து. பிரெஸ்லாவில் (இன்றைய விரோட்ஸ்வாஃப்) ஃபோர்ஸ்டர் என்ற பெரிய நரம்பியல் நிபுணரிடம் வேலை பார்த்தார். யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்க 1933 ஏப்ரலில் வந்த சட்டத்தோடு அந்த வேலை போயிற்று. போனவர் அதே ஊரில் இருந்த யூத மருத்துவமனைக்குப் போனார், 1937ல் அதற்கே தலைமை மருத்துவர். 1938 செப்டம்பர் கடைசியோடு யூத டாக்டர்களின் உரிமம் மொத்தமாக ரத்து. யூத நோயாளிகளை மட்டும் பார்க்கச் சிலரை விட்டுவைத்தார்கள், ஆனால் "டாக்டர்" என்று போட்டுக்கொள்ளக் கூடாது, "நோயாளிகளைக் கவனிப்பவர்" என்றுதான் போட வேண்டும். படித்து வாங்கிய பெயரையே பிடுங்குவது, சின்ன விஷயமில்லை.

அந்த வருடம் நவம்பர் 9 ராத்திரி யூத ஜெபாலயங்கள் எரிந்தன, யூத ஆண்களை நாஜிகள் வீடு வீடாக அள்ளினார்கள். மருத்துவமனை வாசலுக்கு யார் வந்தாலும் என்ன ஏது என்று கேட்காமல் அட்மிட் செய்யுங்கள் என்று குட்மன் சொல்லிவிட்டார். விடிவதற்குள் 64 பேர். காலையில் ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள், ஒரே ராத்திரியில் இவ்வளவு பேருக்கு என்ன வியாதி என்று கேட்டார்கள். இவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். 60 பேர் பிழைத்தார்கள்.

வெளியே வந்த கதைதான் விசித்திரம். போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசாரின் நண்பர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, குட்மன் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போர்ச்சுகலோடு உறவு கெடக் கூடாது என்பதால் நாஜி அரசே பாஸ்போர்ட்டும் விசாவும் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் லண்டனில் இறங்கி, அகதிப் படிப்பாளிகளுக்கு உதவிய சங்கத்தைப் பார்த்து ஏற்பாடு செய்துகொண்டார். 1939 மார்ச்சில் மனைவி, மகன், மகளோடு ஆக்ஸ்ஃபோர்ட் வந்து சேர்ந்தார். போர் தொடங்க ஆறு மாதம் கூட இல்லை.

ஒத்தையடி:
பழுப்புத்தாள் எழுதியதில் குறை சொல்லவில்லை, ஆனால் "தப்பினார்" என்பதைவிட அதிர்ஷ்டம் என்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. ஒரு சர்வாதிகாரியின் நண்பருக்கு நோய் வந்ததால் இவருக்குக் கதவு திறந்தது. அதே மருத்துவமனையில் இருந்த மற்ற டாக்டர்களுக்கு அப்படி எந்த நண்பரும் நோயில் படுக்கவில்லையே.

பழுப்புத்தாள்:
@ஒத்தையடி ஒத்துக்கொள்கிறேன். கூடவே இன்னொன்று, லிஸ்பனிலிருந்தோ லண்டனிலிருந்தோ அப்படியே நழுவியிருக்கலாம், குடும்பம் பிரெஸ்லாவில் இருந்ததால் திரும்பிப் போனார். கரிசல்வெளி கேட்ட இரண்டாவது கேள்விக்கு: இல்லை, உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மருத்துவமனைக்கே தலைவராக இருந்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் நரம்புக் காயங்கள் பற்றி நாலைந்து வருடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், சொந்தப் பொறுப்பில் வார்டு எதுவும் கிடையாது. 1943ல் அரசாங்கம் கூப்பிட்டு, முதுகுத்தண்டு முறிந்த சிப்பாய்களுக்கு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவு தொடங்கச் சொன்னது. என் இஷ்டப்படி நடத்த விட்டால் வருகிறேன் என்றார். 1944 பிப்ரவரி 1ல் திறந்தார்கள். அவருக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்தது 1945ல்தான் என்பதை இங்கே சேர்த்துப் படியுங்கள்.

என் சந்தேகம், அந்த வேலை அகதிக்குக் கிடைத்ததே உள்ளூர்ப் பெரிய டாக்டர்கள் யாரும் அதை விரும்பாததால்தான். தண்டுவடம் போனால் ஆள் போனான் என்பதுதான் அன்றைய நினைப்பு.

இரண்டுமணிக்கூறு:
பிசியோதெரபி வேலையில் இருப்பவள், இந்தப் பக்கம் எனக்குத் தெரியும். தண்டுவடம் அறுந்ததால் அவர்கள் சாகவில்லை. படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் செத்தார்கள். மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் கிடத்திவிடுவார்கள், உணர்ச்சி இல்லாத தோல் அடியில் அழுகிக்கொண்டே போகும். குட்மன் அந்தக் கட்டுகளைப் பிரித்தெறிந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து, ஒவ்வொருவரையும் புரட்டிப் போடு என்றார், சரியாகச் செய்கிறார்களா என்று நடுராத்திரியில் தானே வந்து நிற்பார் என்பார்கள். 1917ல், பதினெட்டு வயதில் ஒரு விபத்து மருத்துவமனையில் உதவிக்கு இருந்தபோது முதுகு முறிந்து வந்த சுரங்கத் தொழிலாளியைப் பார்த்து, இவனுக்குக் குறிப்பு ஒன்றும் எழுத வேண்டாம், சில வாரத்தில் செத்துவிடுவான் என்று சொல்லக் கேட்டிருக்கிறார். அப்படியே செத்தான். அது அவர் மனசில் தங்கிவிட்டது.

சிப்பாய்களை எழுப்பி உட்கார வைத்து, தச்சு வேலை, கடிகார ரிப்பேர் என்று கற்றுக்கொடுத்தார். விளையாட்டும் அப்படித்தான் வந்தது, தோளும் கையும் வலுவாக வேண்டும் அல்லவா. லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், 1948 ஜூலை 29, மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பு விட்டார்கள். 1952ல் அந்தப் போட்டிக்கு நெதர்லாந்துக்காரர்களும் வந்தார்கள். 1960ல் ரோமில் 23 நாடுகள், சுமார் 400 பேர், அதைத்தான் முதல் பாராலிம்பிக்ஸ் என்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். முதலில் சேர்த்த இடத்தில் யாருமே புரட்டிப் போடச் சொல்லவில்லை, பதினைந்தே நாளில் புண். அப்புறம் பெரியம்மா தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் புரட்டினார்.

கரிசல்வெளி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, பெரியம்மா அலாரம் வைத்ததைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாமா? பெயர் போட மாட்டேன்.

இரண்டுமணிக்கூறு:
சேர்த்துக்கொள் தம்பி. அது கீ கொடுக்கிற பச்சைக் கடிகாரம், அதையும் எழுது.