எம்பி4 வீடியோவை டிவிடி பிளேயரில் ஓட வைக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தங்கை கல்யாணத்தில் தம்பி போனில் எடுத்த மூன்று மணி நேர வீடியோவை டிவியில் பார்க்கப் பாட்டிக்கு ரொம்ப ஆசை. அவர் வீட்டில் இருப்பது பழைய டிவிடி பிளேயர். எம்பி4 கோப்பை அப்படியே எழுதிய டிஸ்க்கை அது படிக்கவில்லை.

டிவிடி ஸ்டைலர் என்ற டிவிடி தயாரிக்கும் மென்பொருளில் பால் (PAL) என்ற டிவி முறை, 720 × 576, நொடிக்கு 25 பிரேம் வைத்து டிவிடி பிளேயர் படிக்கும் எம்பெக்-2 வடிவத்துக்கு மாற்றினேன். இப்போது ஓடுகிறது. ஆனால் தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளச் சத்தம் படத்தை முந்திக்கொள்கிறது. முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. பாட்டி பார்க்கக் காத்திருப்பதே அந்த இடத்தைத்தான்.

போன் வீடியோவில் பிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை பிரேம் என்பது) சீராக இல்லாததால் ஒலி விலகுகிறதா? அப்படியென்றால் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் சீராக்கிவிட்டு மாற்றலாமா? அப்புறம், 4.7 ஜிபி டிஸ்க்கில் முழுவதையும் அடைத்ததால் பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குக் கிடைக்கும் தரவின் அளவு) குறைந்துவிட்டது. இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பது நல்லதா, டபுள் லேயர் (இரண்டு அடுக்கில் எழுதும்) டிஸ்க்கைப் பழைய பிளேயர் படிக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.