வெள்ளச் சேறு புகுந்த வீட்டு நீச்சல்குளம்: முழுவதும் இறைத்துவிடலாமா?

கேள்வி (சர்ஜாப்பூர் சாலை, பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிறு இரவு பெய்த மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) நிரம்பி, மதிற்சுவரின் அடியிலுள்ள வடிகால் துளை வழியாகத் தண்ணீர் தோட்டத்துக்குள் ஏறி, நீச்சல்குளத்தில் கலந்துவிட்டது. 2022 செப்டம்பர் வெள்ளத்தின்போது நாங்கள் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அப்போது பெல்லந்தூர், யமலூர்ப் பக்கம் மக்களை டிராக்டரில் ஏற்றிச் சென்றதைச் செய்திகளில் பார்த்ததோடு சரி.

குளம் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள கான்கிரீட் குளம். ஆழமான பக்கம் 1.7 மீட்டர், மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 45,000 லிட்டர். இப்போது தண்ணீர் இஞ்சி டீயின் நிறத்தில் இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு சமையலறை மேடையில் இரவு முழுவதும் வைத்திருந்தேன். காலையில் அடியில் மெல்லிய செம்மண் படிந்திருந்ததே தவிர, மேலே நின்ற தண்ணீர் தெளியவே இல்லை. பம்ப் அறையிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது.

குளத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர், முழுவதையும் இறைத்து, ஆசிட் ஊற்றிக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிவிடலாம் என்கிறார். நாளை மறுநாள் ஆட்களோடு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மாமனார் தினமும் இந்தத் தண்ணீரில்தான் நடைப்பயிற்சி செய்கிறார் என்பதால், கிருமி சிறிதும் மிஞ்சக் கூடாது என்பது என் கவலை. ஒப்பந்தக்காரர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில் 1 (கட்டடப் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு)

வணக்கம் அம்மா. தயவுசெய்து இறைக்க விடாதீர்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதை மட்டும் உடனே தொலைபேசியில் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

கனமழைக்குப் பிறகு மண்ணுக்குள் நீர்மட்டம் மேலே வந்துவிடும். அந்த நீர் குளத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். குளத்துக்குள் இருக்கும் தண்ணீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. உள்ளே இருப்பதை இறைத்துவிட்டால் வெறும் கான்கிரீட் தொட்டி படகைப் போல மேலெழும்பும், அல்லது தளம் நடுவில் வெடிக்கும். சேற்றைக் கழுவப் போய்க் குளத்தையே இழந்தவர்களின் வீடுகளுக்கு நான் வேலை நிமித்தமாகச் சென்றிருக்கிறேன். அந்தச் சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, புதிதாகக் கட்டும் செலவுக்கு அதிகம் குறைவாக இருக்காது.

உங்கள் வளாகத்தில் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணறு இருந்தால், மூடியைத் திறந்து, தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

பதில் 2 (மின்பணியாளர், கோரமங்களா)

பம்ப் அறைக்குச் செல்லும் மின்சாரத்தை வீட்டின் முதன்மைப் பலகையிலேயே நிறுத்திவிட்டு, பிறகு உள்ளே செல்லுங்கள். தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட ஒருமுறையும் போட வேண்டாம். அதைக் கழற்றிக் காயவைத்து, மின்கசிவுத் தடையை அளக்கும் மெக்கர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்தது 1 மெகாஓம் காட்டாவிட்டால் காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். குளத்துக்குள் விளக்கு இருந்தால் அதன் இணைப்பையும் இப்போதே துண்டித்துவிடுங்கள். அந்தச் சுற்றுக்கு மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்தாமல் பெரியவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டேன். ரீசார்ஜ் கிணற்றின் மூடியைத் திறந்தபோது எனக்குத் திக்கென்றது: இரண்டடிக்குக் கீழேயே தண்ணீர் நிற்கிறது. சோதனைப் பெட்டியில் பிஎச் 7.1 என்றும், காரத்தன்மை லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றும், குளோரின் துளியும் இல்லை என்றும் காட்டுகிறது.

பதில் 1 (கட்டடப் பொறியாளர்)

இரண்டடி என்றால் 0.6 மீட்டர். ஆழமான பக்கத்தில் தளத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 1.9 மீட்டர் கீழே இருக்கும். அங்கே 1.3 மீட்டர் உயர நீரின் அழுத்தம், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 1,300 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. 20 செ.மீ. தடிமனுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 500 கிலோதான். சுவர்களின் எடை சிறிது கைகொடுக்கும். அதை நம்பி இறங்க முடியாது. குளத்தின் அடியில் அழுத்தம் தணிக்கும் வால்வு வைத்திருக்கிறோம் என்று கட்டியவர்கள் சொன்னாலும், சேறு அடைத்த வால்வு திறக்கும் என்று நம்ப வேண்டாம்.

பதில் 3 (அடுக்ககக் குளங்களைப் பராமரிப்பவர், எலக்ட்ரானிக் சிட்டி)

தண்ணீரை வைத்துக்கொண்டே இதைச் சுத்தமாக்க முடியும் அம்மா. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, நீச்சல்குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று நம் ஊர்க் குடிநீர் வாரியமே தடை விதித்தது. 45,000 லிட்டரைக் கொட்டிவிட்டு, 6,000 லிட்டர் டேங்கரில் எட்டு நடை வாங்குவதற்கு என் மனம் ஒப்பாது.

ராஜகாலுவேத் தண்ணீரில் கழிவுநீரும் கலந்திருக்கும். ஆகவே கையுறையும் பூட்ஸும் அணியாமல் யாரும் கை வைக்க வேண்டாம். முதலில் இலை, பிளாஸ்டிக், செத்த எலி, தவளை என மிதப்பதையும் மூழ்கியதையும் வலையால் எடுத்துவிடுங்கள். மேலே மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் கூடைக்குள் கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளத்தோடு வரும் பாம்பு அங்கேதான் ஒதுங்கும். குப்பை இருக்கும்போது குளோரின் போட்டால் அந்தக் குப்பையே அதைத் தின்றுவிடும்.

உங்கள் டம்ளர் சோதனை மிகச் சரியானது. தெளியாமல் நிற்பது மிக நுண்ணிய களிமண். அது மணல் ஃபில்டரின் ஊடாகவே போய்த் திரும்பக் குளத்துக்கு வந்துவிடும். அதைத் திரட்டிக் கீழே இறக்கத்தான் ஆலம், அதாவது அலுமினியம் சல்பேட். ஆயிரம் லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் உங்களுக்கு 2.25 கிலோ வேண்டும். ஆனால் பிஎச் சரியாமல் தாங்கும் காரத்தன்மையை ஆலம் தன் அளவில் பாதிக்குக் குறைத்துவிடும்: லிட்டருக்கு 50 மில்லிகிராம் போட்டால் 25 குறையும். மழைநீரால் ஏற்கெனவே 40க்கு இறங்கியிருக்கும் உங்கள் தண்ணீரில் அப்படியே போட்டால் பிஎச் சரிந்து, ஓடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு அரிக்கத் தொடங்கும். ஆகவே முதல் நாள் நாலரைக் கிலோ சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றிக் காரத்தன்மையை 100க்குக் கொண்டுவாருங்கள். மறுநாள் ஆலத்தை வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, நீண்ட பிரஷ்ஷால் அரை மணி நேரம் மெதுவாகக் கலக்கிவிட்டு, ஓர் இரவு தண்ணீரை அசைக்காமல் விட்டுவிடுங்கள். காலையில் அடியில் பஞ்சுபோலப் படிந்திருக்கும்.

அந்தப் படிவை வேக்யூம் செய்யும்போது தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை, ஃபில்டருக்குப் போகாமல் நேராக வெளியேற்றும் ‘வேஸ்ட்’ நிலையில் வைக்க வேண்டும். ‘ஃபில்டர்’ நிலையில் வைத்தால் மணல் முழுவதும் ஆலம் சேறு அப்பிக்கொள்ளும். பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் கேஸ்கட் கிழிந்துவிடும். மட்டம் ஒரு சாண் இறங்கியதும் நிறுத்தி, அந்த அளவை நிரப்பிவிட்டு, மீதியை அடுத்த நாள் செய்யுங்கள்.

கடைசியாகக் குளோரின். கழிவுநீர் கலந்த குளத்துக்கு, பிஎச் 7.5க்கு மிகாமல் வைத்து, லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரினை 12 மணி 45 நிமிடம் குறையாமல் காக்க வேண்டும். குளோரினுக்கு எளிதில் மசியாத ஒட்டுண்ணிகள்கூட அதற்குத்தான் அழியும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 1.4 கிலோ. வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் பொடியைப் போடுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். டிசிசிஏ என்ற வேறு வகைக் குளோரின் மாத்திரை கரைத்த வாளியையோ கரண்டியையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். இன்னொன்று, இவ்வளவு குளோரின் இருக்கும்போது குளோரினை நிறத்தால் காட்டும் டிபிடி சோதனையின் இளஞ்சிவப்பு வெளுத்துப்போய்க் குளோரினே இல்லாததுபோல் தோன்றும். ஒரு பங்கு குளத்து நீரோடு நான்கு பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

மோட்டார் வரத் தாமதமானால் குளத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். கொசு முட்டையிட்டு முழுக் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

கேட்டவர் (ஒன்பது நாட்களுக்குப் பிறகு)

மோட்டார் பிழைத்துவிட்டது, காயவைத்துச் சோதித்தபோது 4 மெகாஓம் காட்டியதாம். ஆலம் போட்ட மறுநாள் காலையில் பார்த்தபோது அடி முழுவதும் பழுப்பு நிறக் கம்பளி விரித்ததுபோல் இருந்தது. வேக்யூம் செய்ய மூன்று நாட்கள் ஆயின. இன்று குளக்கரையில் நின்றபடியே ஆழமான பக்கத்து மெயின் டிரெயின் மூடியின் துளைகளை எண்ண முடிகிறது. குளோரின் மட்டும் இன்னும் 6இல் நிற்கிறது. மாமனார் துண்டோடு வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார். அக்டோபர் மழைக்கு முன் நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில் 3 (பராமரிப்பாளர்)

மிக்க மகிழ்ச்சி அம்மா. வெயில் படும்படி விடுங்கள். 3க்குக் கீழ் வந்ததும் ஐயா இறங்கலாம். மழை எச்சரிக்கை வந்தால், முதல் நாள் மாலையே குளோரினைச் சற்று உயர்த்தி, பம்பை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். காற்றில் கிழிந்து பறக்கக்கூடிய துணி மூடியை எடுத்து உள்ளே வையுங்கள். நாற்காலிகளையும் உள்ளே கொண்டுபோங்கள். அவற்றைக் குளத்துக்குள் இறக்கிவைத்தால் ஓடு உடையும். மழைக்கு இடம் விடுகிறேன் என்று மட்டத்தை ஒரு சாணுக்கு மேல் குறைக்க வேண்டாம். உபரிநீர்க் குழாயில் அடைப்பில்லாமல் இருந்தால் அதுவே போதும்.

பதில் 1 (கட்டடப் பொறியாளர்)

அந்த வடிகால் துளையை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் உங்கள் தோட்டத்து நீருக்கு வழியில்லாமல் சுவரே சாயும். தண்ணீரை வெளியே மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றை அதில் பொருத்தச் சொல்லுங்கள். பம்பின் பீடத்தை, இந்த முறை தண்ணீர் நின்ற கோடு அறைச் சுவரில் தெரியுமல்லவா, அதற்கு ஓர் அடி மேலே உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன் அந்தக் கோட்டை ஒரு பென்சிலால் குறித்து வையுங்கள்.