52 என்று இலக்கு வைத்து 27-ல் நின்றேன். இந்த ஆண்டு எப்படிக் கணக்கு வைப்பது?

குரோம்பேட்டைக் கணக்கர் | ஜனவரி 1

பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. படிக்கிற புத்தகங்களுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு நீள நோட்டில் தேதி, பெயர், பக்கம், எங்கே வாங்கியது, எங்கே படித்து முடித்தது என்று ஐந்து கட்டம். நேற்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஆண்டுக் கணக்கை முடித்தேன். முடிக்காமலே தூங்கியிருக்கலாம்.

வாரத்துக்கு ஒன்று, ஆக 52 என்பது இலக்கு. படித்தது 27. அதுகூடப் பரவாயில்லை, கையிருப்பைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். சென்ற ஜனவரியில் வீட்டில் படிக்காமல் கிடந்தவை 63. ஆண்டில் வாங்கியவை 41. அதில் 29 நந்தனம் புத்தகக் காட்சியில், மூன்றே நாளில். பத்து சதவீதத் தள்ளுபடி என்றால் எனக்குக் கை நிற்பதில்லை. வீட்டுப் புத்தகங்களில் படித்து முடித்தவை 16, மற்ற 11-ம் நூலகத்தில் எடுத்தவை. மூன்றைப் படிக்காமலே தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஆண்டு முடிவில் கையிருப்பு 85. ஒரு கடைக்காரர் இந்தக் கணக்கைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், சரக்கு நகரவில்லை, முதலில் கொள்முதலை நிறுத்துங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் பிடிபட்டது. நவம்பர் 30 வரை 20 தான். டிசம்பரில் மட்டும் ஏழு. அந்த ஏழில் ஒன்றுகூட நூறு பக்கத்தைத் தாண்டவில்லை. எண்ணிக்கையை ஏற்றுவதற்காக ஒல்லியானவையாகப் பொறுக்கியிருக்கிறேன். படிக்கும்போது இது தெரியவே இல்லை. பக்கக் கட்டத்தைக் கூட்டும்போதுதான் தெரிந்தது. ஜூன், ஜூலை காலி. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையும் மகனின் கல்லூரிச் சேர்க்கையும் ஒன்றாக வந்தன. அதற்கு நோட்டு என்ன செய்யும்?

ஐந்தாவது கட்டத்தில் 19 இடத்தில் 'ரயில்' என்று எழுதியிருக்கிறேன். தாம்பரத்தில் கிளம்பும் வண்டி குரோம்பேட்டைக்கு வரும்போதே இருக்கைகள் நிரம்பியிருக்கும். கிண்டி வரை ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில். கிண்டியிலும் மாம்பலத்திலும் கூட்டம் இறங்கினால், அதன்பின் கடற்கரை வரை உட்கார்ந்து படிக்கலாம். மாலையில் கடற்கரையிலேயே ஏறுவதால் ஜன்னலோரம் கிடைக்கும். ஆனால் நாளெல்லாம் எண்களைப் பார்த்த கண்கள் பல்லாவரத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். இரண்டு முறை தாம்பரத்தில் போய் இறங்கியிருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு நாவல் இருக்கிறது. கெட்டி அட்டை, 1,120 பக்கம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 1 கிலோ 350 கிராம். ஒவ்வோர் ஆண்டும் 'இந்த ஆண்டு கட்டாயம்' என்று முதல் வரியில் அதன் பெயரை எழுதுகிறேன். அடுத்த ஆண்டும் அதே வரி.

நீங்கள் எப்படி இலக்கு வைக்கிறீர்கள்? எண்ணிக்கையா, பக்கமா, நேரமா? இல்லை, வாங்குவதற்குத்தான் முதலில் கட்டுப்பாடு வேண்டுமா?

மயிலை நூற்பூச்சி | ஜனவரி 1

முதலில் எது புத்தகம் என்று முடிவு செய்யுங்கள். 1964-ல் யுனெஸ்கோ ஒரு வரையறை தந்தது: அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறு வெளியீடு. உங்கள் டிசம்பர் ஏழையும் இந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, 'பொன்னியின் செல்வன்' ஒன்றா ஐந்தா? ஐந்து பாகம், ஐந்து அட்டை. ஐந்து என்று எழுதிக்கொள்ளும் நண்பர் எனக்கு ஒருவர் உண்டு. அவர் ஆண்டுதோறும் இலக்கை எட்டுகிறார்!

ஞாயிறு நடைபாதை | ஜனவரி 2

இலக்கு வைத்து யாராவது வெற்றிலை போடுவார்களா? திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமை கையில் அகப்பட்டதை வாங்கி, பிடித்தால் படிக்கிறேன், பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் அங்கேயே பாதி விலைக்குத் தள்ளுகிறேன். நோட்டும் இல்லை, கட்டமும் இல்லை. நீங்கள் அலுவலகத்தை வீட்டுக்குத் தூக்கிவருகிறீர்கள் என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாம் முயற்சி | ஜனவரி 2

அக்கா, நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவன். காலையிலிருந்து இரவு வரை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் இருப்பேன். இரண்டு ஆண்டாகக் கதை என்று ஒன்றைத் தொட்டதில்லை. பாடத்திட்டத்தில் திருக்குறளும் இருக்கிறது. ஆனால் குறள்கூட எனக்கு இப்போது மதிப்பெண்ணாகத்தான் கண்ணில் படுகிறது. 27 என்று நீங்கள் வருத்தப்படுவதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஒரு யோசனை. அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கனமான நாவலைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். சுற்றிலும் நூறு பேர் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருக்கும்போது தூங்குவதற்கு வெட்கமாக இருக்கும். எனக்கு அந்த வெட்கம்தான் இரண்டு ஆண்டாகச் சோறு போடுகிறது. (வேலை இன்னும் போடவில்லை.)

இந்த ஆண்டு நானும் ஓர் இலக்கு வைக்கிறேன். மாதம் ஒரு சிறுகதை. சிரிக்காதீர்கள்.

பழைய கம்பாசிட்டர் | ஜனவரி 3

அம்மா, உங்கள் கணக்கைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் 1979-ல் ஈய எழுத்துக் கோக்கச் சேர்ந்தவன். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிழை திருத்துகிறவனாக மாறி 2008-ல் ஓய்வு பெற்றேன்.

நண்பர் 'பொன்னியின் செல்வன்' ஒன்றா ஐந்தா என்று கேட்கிறார். அது 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அப்போது படித்தவர்களுக்கு அது மூன்றரை ஆண்டில் ஒரு புத்தகம். வாரத்துக்கு ஒரு புத்தகம் படிக்கவில்லையே என்று அவர்கள் யாரும் கலங்கியிருக்க மாட்டார்கள். இந்த வார அத்தியாயம் எங்கே என்றுதான் கலங்கியிருப்பார்கள். என் தாயார் பிடித்த தொடர்களையெல்லாம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். ஒரு பக்கம் கதை, புரட்டினால் தைல விளம்பரமும் ஜோக்கும். ஏதோ ஒரு வாரம் பத்திரிகை தவறியிருந்தால் அந்த அத்தியாயம் இல்லாமலே பைண்டாகிவிடும். கதாநாயகி எப்படிச் சிறையிலிருந்து வெளியே வந்தாள் என்பதே தெரியாமல் நான் படித்த தொடர்கள் உண்டு.

நீங்கள் அதைத் திருப்பிப் போட்டுச் செய்யலாம். உங்களுக்கு ஆர்வம் குறையவில்லை, அந்த நாவல் ரயிலில் ஏற மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். அதைப் பிரித்துவிடுங்கள். புத்தகத்தின் நடுவில் நன்றாக விரித்து முதுகுப் பக்கம் பாருங்கள். பக்கங்களுக்கு நடுவே ஆங்காங்கே நூல் தெரிந்தால் அது தையல் பைண்டிங். ஒரு பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கத் தொகுதியைத்தான் அச்சகத்தில் பாரம் என்போம். அப்படிப் பாரம் பாரமாக மடித்துத் தைத்திருப்பார்கள். ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்றால் உங்கள் 1,120 பக்கம் சரியாக 70 பாரம். நல்ல பைண்டர் அட்டையைக் கழற்றி, பாரத்துக்கும் பாரத்துக்கும் இடையில் தையலை அறுத்து மூன்றாக்கிவிடுவார். 23, 23, 24. மெல்லிய அட்டை போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டினால் ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குள் அடங்கும். நூல் தெரியாமல் வெறும் பசை மட்டும் என்றால் கை வைக்காதீர்கள். இதழ் இதழாக உதிரும்.

ஒரே சங்கடம், பாரம் முடிகிற இடத்தில் அத்தியாயம் முடியாது. வாக்கியம்கூட முடியாது. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அட்டை மடங்காதவள் | ஜனவரி 3

ஐயா, பெரியவர் என்பதால் அடக்கமாகச் சொல்கிறேன், படிக்கும்போதே எனக்குக் கை நடுங்கியது. புத்தகத்தை அறுப்பதா? நான் பக்க ஓரத்தைக்கூட மடிக்காதவள். காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் இப்படி ஒரு யோசனை!

கணக்கர் அம்மா, புத்தகத்தைத் தொடாதீர்கள். வாங்குவதை நிறுத்திவிட்டு நூலகத்தில் மட்டும் எடுங்கள். சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து என்று நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? திருப்பித்தர வேண்டிய தேதியை முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள். அதைவிட நல்ல இலக்கு எது?

பழைய கம்பாசிட்டர் | ஜனவரி 3

அம்மா, நாற்பது வயதுப் புத்தகத்தைப் புது பைண்டிங் செய்யும்போதும் இதையேதான் செய்வார்கள். அறுப்பது தையலைத்தான், தாளை இல்லை. அலமாரியில் நான்கு ஆண்டு பூட்டி வைப்பதற்குத்தான் எனக்குக் கை நடுங்குகிறது.

குரோம்பேட்டைக் கணக்கர் | ஜனவரி 5

எல்லோருக்கும் நன்றி. பதில்களை ரயிலில் படித்தேன், ஆகவே அன்று புத்தகம் படிக்கவில்லை. இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

மயிலை நண்பருக்கு: சல்லடையில் ஒன்று விழுந்தது. கவிதைத் தொகுப்பு, சரியாக 48 பக்கம். ஐயா சொன்ன கணக்கில் மூன்று பாரம். ஆக, படித்தது 26 என்று திருத்திவிட்டேன். கையிருப்பு மாறாது, ஏனென்றால் வாங்கியதிலும் ஒன்று குறைகிறது. ஆனால் அந்த 48 பக்கத்தை இரண்டு முறை படித்தேன் என்பதையும், ஏழில் மனத்தில் நின்றது அது ஒன்றுதான் என்பதையும் யுனெஸ்கோவுக்கு எப்படித் தெரிவிப்பது?

நடைபாதை நண்பருக்கு: தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோட்டு இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஐம்பது படிக்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

தம்பிக்கு: சிரிக்கவில்லை. பொங்கல் கழிந்து மூன்றாம் ஞாயிறு அங்கே வருகிறேன். சிறுகதை எது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், இருவரும் படிக்கலாம்.

அட்டை மடங்காத சகோதரிக்கு: மன்னித்துவிடுங்கள். நடுவில் விரித்துப் பார்த்தேன். நூல் தெரிகிறது.

குரோம்பேட்டைக் கணக்கர் | ஜனவரி 27

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பைண்டர் 'நிச்சயமாகவா அம்மா?' என்று இரண்டு முறை கேட்டார். மூன்றுக்கும் சேர்த்து 360 ரூபாய். பழைய கெட்டி அட்டையை எறிய மனம் வராமல் அலமாரியில் அதன் இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், உள்ளே ஒன்றுமில்லாமல்.

நோட்டில் இந்த ஆண்டு எண்ணிக்கை எழுதவில்லை. இரண்டு வரிதான். அந்த நாவலை முடிப்பது. வாங்குவது படித்து முடித்ததைவிட அதிகமாகக் கூடாது. இரண்டாவதை நந்தனத்தில் முதல் நாளே மீறிவிட்டேன். ஆறு வாங்கினேன், படித்து முடித்தது அப்போது பூஜ்யம். போன ஆண்டின் 29-க்கு ஆறு எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டேன்.

இன்று காலை முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். 368. கிழவி ஆற்றங்கரையில் நின்று அவனைப் பார்த்து 'நீ யாருடைய' என்று கேட்கிறாள். அதோடு பாரம் முடிகிறது. இரண்டாம் பாகம் வீட்டில் கட்டில்மேல் கிடக்கிறது. வண்டி அப்போதுதான் சைதாப்பேட்டையைத் தாண்டியிருந்தது. மாலை ஆறு மணி வரை இறக்குமதிப் பில்களுக்கு நடுவே அந்தக் கிழவி நின்றுகொண்டே இருந்தாள். திரும்பும்போது பல்லாவரத்தில் தூக்கம் வரவில்லை.